கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஆவடி பாலிடெக்னிக்கும்

மே, ஜூன் மாதங்கள் வந்தால் நம் வியாபாரிகள் பலருடைய கல்லாவில் பணம் தங்குவதில்லை. வற்றல், வடகம், ஊறுகாய் போடுகிற காலம் என்பதால் மிளகாயும் மல்லியும் நல்லெண்ணெயும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் அந்தப் பணம் மறு கொள்முதலுக்குப் போகாமல் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விடும். மண்டிக்கு வரவேண்டிய நிலுவை ஆடி வரைக்கும் இழுக்கும். "அண்ணாச்சி, பையனுக்குக் காலேஜில் பணம் கட்டிட்டேன், ரெண்டு மாசம் பொறுத்துக்கங்க" என்று கேட்காத கடைக்காரர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மிகக் குறைவு. நானும் பொறுத்துக்கொள்கிறேன். பிள்ளை படிப்புக்கு என்று கேட்கும்போது மறுத்துப் பேச மனம் வருமா?

படிக்க வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். படிப்பின் அருமை படிக்காதவனுக்குத்தான் அதிகம் தெரியும். என் வருத்தம் வேறு. ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதென்றால் சாக்கில் ஊசி விட்டு மாதிரி எடுக்கிறோம், உள்ளங்கையில் தேய்க்கிறோம், பல்லில் கடித்துப் பார்க்கிறோம், நாலு மண்டியில் விலை கேட்கிறோம். பையனுக்குப் படிப்பு வாங்கும்போது மட்டும் வாசல் வளைவையும் பேருந்து வண்டியில் எழுதியிருக்கும் பெயரையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுகிறோம். எனவே நம் வட்டாரத்திலேயே, நம் கண்ணெதிரே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு தொழிற்கல்விக் கூடத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். ஆவடி சத்தியமூர்த்தி நகரில் உள்ள முருகப்பா பாலிடெக்னிக் கல்லூரிதான் அது.

முதலில் இடத்தின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1955 ஜனவரியில் ஆவடியில் அகில இந்திய காங்கிரஸ் மாநாடு கூடியது. காமராஜர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகாத நேரம். நேரு கலந்துகொண்ட அந்த மாநாட்டில்தான் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. மாநாட்டுத் திடலுக்குத் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரைச் சூட்டினார்கள். சென்னை மேயராக இருந்து, பூண்டி நீர்த்தேக்கம் வரக் காரணமாக இருந்தவர் அவர். அந்தப் பெயரோடு விளங்கும் பகுதியில்தான் 1957ல் இந்தப் பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. தொடங்கியது முருகப்பா குடும்பத்தாரின் ஏ.எம்.எம். அறக்கட்டளை. சோஷலிசம் பேசிய திடலில் முதலாளி ஒருவரின் தர்மப் பணத்தில் தொழிற்பள்ளி எழுந்தது வேடிக்கைதான். ஆனால் அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே குறை இருந்தது. நாட்டில் இயந்திரம் வர ஆரம்பித்துவிட்டது, அதை ஓட்டத் தெரிந்த கைகள் போதவில்லை.

அறக்கட்டளைக்குப் பெயர் தந்த திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் பள்ளத்தூரைச் சேர்ந்த நகரத்தார். 1884ல் பிறந்தவர். பதினான்கு வயதில் பர்மாவுக்கு வேலை பழக அனுப்பப்பட்டு, 1900ல் அங்கே தமக்கென்று கொடுக்கல் வாங்கல் தொழில் தொடங்கியவர். இங்கேதான் வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நகரத்தார் தம் பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்கிய முறை ஊரறிந்தது. முதலாளியின் பிள்ளையேயானாலும் முதலில் பெட்டியடிப் பையன். பெட்டியடியில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும், நாணயம் எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு ஏவல் செய்ய வேண்டும். பிறகு அடுத்தாள். அதன் பிறகே மேலாள் என்ற பொறுப்பு. மேலாளாகக் கடல் தாண்டிப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதி மூன்று ஆண்டுக் கணக்கு என்று அனுப்புவார்கள். கணக்கு முடித்துத் திரும்பி வந்து சில காலம் ஊரில் இருந்து மறுபடி போவார்கள். ஏட்டுப் படிப்பும் கடை வேலையும் மாறி மாறி வந்ததால்தான் பர்மா, மலாயா, இலங்கை என்று எங்கே உட்கார வைத்தாலும் அவர்களால் கணக்கைச் சரியாக வைக்க முடிந்தது.

பர்மாவில் யுத்தத்துக்கும் சுதந்திரத்துக்கும் பிறகு செட்டியார்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. 1948ல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டமும் வந்துவிட்டது. முருகப்பா குடும்பத்தார் 1930களிலேயே முதலைத் தாய்நாட்டுக்குத் திருப்பத் தொடங்கியவர்கள். வட்டித் தொழிலை விட்டு இயந்திரத் தொழிலுக்கு வந்தார்கள். 1949ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து உருவானதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூர்ப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் இன்றும் 'சைக்கிள் கம்பெனி' என்றுதான் சொல்வார்கள். ஹெர்குலிஸ் சைக்கிளும் பின்னால் பி.எஸ்.ஏ. சைக்கிளும் அதன் சரக்குகள். 1924லேயே சொந்த ஊரில் மருத்துவமனை வைத்த குடும்பம் அது. அம்பத்தூருக்கு வந்தபோது இங்கும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. சர் ராமசாமி முதலியார் பெயரில் பள்ளி, சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயரில் மருத்துவமனை என்று வரிசையாக வந்தன. தம் பெயரை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு வேண்டிய பெரியவர்கள் பெயரை வைத்ததை நான் எப்போதும் வியப்பதுண்டு. பாலிடெக்னிக்குக்கு மட்டும் குடும்பப் பெயர் அமைந்துவிட்டது.

1957ல் இந்தப் பாலிடெக்னிக் வந்ததற்குப் பின் நம் வட்டாரம் எப்படி நிரம்பியது என்று பாருங்கள். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை அதற்கு இரண்டு ஆண்டு முன்னாலேயே, 1955ல் வந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்.சும் பிரேக்ஸ் இந்தியாவும் வந்தன. 'பாடி லூகாஸ்' என்று பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. ஆவடியில் 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டு, 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய கம்பெனி ஒன்றுக்கு நட்டும் போல்ட்டும் ஸ்பிரிங்கும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

அந்தப் பட்டறைகளால் வாழ்ந்தது நம் மளிகைக் கடைகள். இளைய தலைமுறைக் கடைக்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. கொரட்டூரிலும் ஓ.டி.யிலும் திருமுல்லைவாயிலிலும் கடைகளில் தொழிலாளிக் குடும்பங்களுக்கு மாதக் கணக்கு உண்டு. நீள நோட்டுப் புத்தகம் இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சம்பள நாளன்று சைரன் ஊதி ஒரு மணி நேரத்துக்குள் பாக்கி வந்துவிடும். ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர், பாலிடெக்னிக் படித்த சூப்பர்வைசர் வீட்டுக் கணக்கு என்றால் எங்கள் காலத்துக் கடைக்காரர்கள் யோசிக்காமல் அரிசி மூட்டையை இறக்குவார்கள். கதவடைப்போ வேலை நிறுத்தமோ வந்தால் நம் நோட்டிலும் நிலுவை ஏறும். ஆகவே டிப்ளமோ படிப்பின் மதிப்பை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பற்று வரவிலேயே அதைப் பார்த்தவர்கள் நாம். ஆனாலும் சொந்தப் பிள்ளை என்று வரும்போது அது நம் கண்ணில் படுவதில்லை!

இனி, இந்தப் பாலிடெக்னிக்கின் தனிச் சிறப்பாக நான் கருதும் 'சாண்ட்விச்' படிப்பைப் பற்றி. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இரண்டு ரொட்டிக்கு நடுவே காய்கறி வைப்பது போல, வகுப்புப் படிப்புக்கு நடுவே தொழிற்சாலை வேலையை வைப்பதால் வந்த பெயர். இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற கப்பல் கட்டும் ஊரின் தொழிற்கல்லூரியில் 1903ல் இம்முறையைத் தொடங்கினார்கள். பட்டறைக்குப் போன பையனுக்குக் கணக்குத் தெரியவில்லை, கணக்குத் தெரிந்த பையனுக்குப் பட்டறை தெரியவில்லை என்ற தொல்லைக்கு அவர்கள் கண்ட வழி இது.

நம் மாநிலத்தில் சாதாரண டிப்ளமோ மூன்று ஆண்டு, ஆறு பருவம். சாண்ட்விச் டிப்ளமோ மூன்றரை ஆண்டு, ஏழு பருவம். இதில் நான்காம் பருவமும் ஏழாம் பருவமும் தொழிற்சாலையில். அதாவது ஒன்றரை ஆண்டு வகுப்பிலும் கல்லூரிப் பட்டறையிலும் படித்த பையன் ஆறு மாதம் கம்பெனிக்குப் போகிறான். திரும்ப வந்து ஓராண்டு படிக்கிறான். மறுபடி ஆறு மாதம் கம்பெனிக்குப் போய் அத்தோடு படிப்பை முடிக்கிறான். முதல் முறை போகும்போது பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறவனாகத்தான் போவான். திரும்பி வந்து புத்தகத்தைப் பிரிக்கும்போது படத்தில் இருக்கும் இயந்திரம் அவன் கையில் எண்ணெய் பூசிய இயந்திரமாக இருக்கும். வாத்தியாரிடம் கேள்வி கேட்பான். இரண்டாம் முறை போகும்போது அவனிடம் ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கலாம். அந்த இடத்திலேயே அவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முதலாளிகளும் உண்டு. நாமும் புதுப் பையனை ஆறு மாதம் கடையில் வைத்துப் பார்க்காமல் கல்லாச் சாவியைக் கொடுப்பதில்லையே!

பெட்டியடிப் பையன், ஊர், மறுபடி அடுத்தாள் என்ற பழைய வரிசையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முருகப்பா குடும்பத்தார் அதை நினைத்துத்தான் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிறு வயதில் பெட்டியடியில் உட்கார்ந்தவர் குடும்பத்துக்கு இம்முறை அன்னியமாகத் தோன்றியிருக்காது.

சேர்வதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அந்தக் காலத்தில் எல்.எம்.இ., எல்.இ.இ. என்று சொன்னதுதான் இன்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் டிப்ளமோ. எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாம் பின்னால் வந்த பாடங்கள். இது அரசு உதவி பெறும் கல்லூரி. உதவி பெறும் கல்லூரிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் இருக்கலாம், சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணம் இரண்டுக்கும் வேறு. நமக்குக் கிடைக்கும் இடம் எதில், அது சாண்ட்விச்சா சாதாரணமா, தொழிற்சாலைப் பயிற்சிக் காலத்தில் உதவித் தொகை உண்டா என்பதை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சில கம்பெனிகள் தரும், சில தராது.

"டிப்ளமோ படித்தால் பையனை எவன் மதிப்பான், பொண்ணு கொடுப்பானா?" என்று கேட்கும் அண்ணாச்சிமார்களுக்கு ஒரு கணக்கு. பத்தாவதுக்குப் பின் இரண்டு ஆண்டு மேல்நிலை, நான்கு ஆண்டு பி.இ.; மொத்தம் ஆறு. பத்தாவதுக்குப் பின் மூன்று ஆண்டு டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, மூன்று ஆண்டு, இதுவும் ஆறு. சாண்ட்விச் என்றால் படிக்கும் காலம் அரை ஆண்டுதான் கூடுகிறது. ஆனால் நடுவிலேயே ஒரு தொழில் தகுதி கையில் இருக்கிறது. பையனுக்கு மேலே படிக்கப் பிடிக்கவில்லை, வீட்டில் பண முடை, தகப்பனாருக்கு உடல்நலமில்லை என்றால் அந்த இடத்தில் நிற்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. பி.இ.யில் இரண்டாம் ஆண்டோடு நின்ற பையனிடம் கட்டிய பணத்துக்கு ரசீது மட்டும்தான் இருக்கும். வியாபாரி மொழியில் சொன்னால், ஒன்று தவணை தவணையாகச் சரக்கு கைக்கு வரும் கொள்முதல். மற்றது முழுப் பணமும் கட்டி முடித்த பிறகே லாரி கிளம்பும் கொள்முதல்.

1984ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது முதல் தமிழ்நாட்டில் அவை பெருகி ஐந்நூறைத் தாண்டின. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போனால் கல்லூரிப் பேருந்துகளுக்கு வழிவிட்டே நேரம் போய்விடும். அவற்றால் நன்மை இல்லை என்று யார் சொல்வது? நம் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அமெரிக்கா வரை போனது அந்தக் கதவு திறந்ததால்தான். ஆனால் இடங்கள் நிரம்பாமல் மூடப்பட்ட கல்லூரிகளையும் பின்னால் பார்த்தோம். என் வாடிக்கையாளர் ஒருவர், பெயர் வேண்டாம், கடை முதலில் பாதியை எடுத்து மகனைப் பொறியியல் படிக்க வைத்தார். பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் நான்கு ஆண்டில் ஒரு தொழிற்சாலைக்குள்ளும் அவன் போனதில்லை. படித்து முடித்து இரண்டு ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு, இப்போது துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு அலுவலகத்தில் இரவு வேலை பார்க்கிறான். கடையில் முன்பு பத்து மூட்டை இறக்கிய இடத்தில் இப்போது நான்கு மூட்டை இறங்குகிறது. அவருக்கு நான் கடன் நீட்டித்துக் கொடுக்கிறேன். வேறு என்ன செய்ய முடியும்?

பாலிடெக்னிக்கில் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஏமாற்று வார்த்தை சொல்ல மாட்டேன். தொடக்கச் சம்பளம் குறைவு. நிரந்தர வேலைக்குப் பதில் ஒப்பந்த வேலை என்ற வழக்கம் எங்கும் வந்துவிட்டது. அம்பத்தூர் பேட்டையில் லேத் ஓடிய மனைகளில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. கணக்குப் பாடத்தில் தடுமாறும் பையன் டிப்ளமோவிலும் தடுமாறுவான். பாடங்களைப் பாக்கி வைத்துக்கொண்டே போனால் முடித்ததாகாது. பையனுக்குக் கையால் வேலை செய்யப் பிடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கும் பையன் ஒவ்வொரு தெருவிலும் ஒருவன் இருப்பான். அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கணக்கு நோட்டிலும் பேச்சிலும் கெட்டியான பையனை இதில் தள்ள வேண்டாம். அவனுக்குப் பி.காம். இருக்கிறது. பட்டாபிராம் பக்கத்தில் இந்து கல்லூரி என்று ரயில் நிலையமே இருக்கிறதே, கலவல கண்ணன் செட்டியார் பெயரில் 1969ல் தொடங்கிய அந்தக் கல்லூரியும் நம்மைப் போன்ற வணிகர் ஒருவரின் தர்மத்தில் வந்ததுதான். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

டிப்ளமோ முடித்ததும் ஓராண்டு தொழிற்பழகுநராகச் சேரும் வழியும் உண்டு. 1961ம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் டிப்ளமோ படித்தவர்களை 1973ல் சேர்த்தார்கள். தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கிறது. குறைந்தபட்ச உதவித் தொகையில் பாதியை மத்திய அரசு கம்பெனிக்குத் திருப்பித் தருகிறது. பல பெற்றோருக்கு இது தெரியாததால் பையன் வேலை தேடிக் கம்பெனி வாசல்களில் அலைகிறான்.

நம் தொழிலுக்கே இந்தப் படிப்பு எவ்வளவு தேவை என்பதையும் யோசியுங்கள். தராசும் எடைக்கல்லும் போய் எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. பில் போடும் இயந்திரம், ஐஸ் பெட்டி, மாவு மெஷின், மரச்செக்கு மோட்டார், பொட்டலம் ஒட்டும் இயந்திரம் எல்லாம் கடைக்குள் இருக்கின்றன. தராசு நின்றுவிட்டால் வெள்ளிக்கிழமை வியாபாரம் நின்றுவிடும். பழுது பார்க்க ஆள் தேடினால் 'நாளைக்கு வர்றேன்' என்பார். 2009ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி எடைக்கருவிகளைப் பழுது பார்க்க உரிமம் வேண்டும். கண்டவர் கையை வைக்கக் கூடாது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோடு அந்த உரிமத்தையும் வாங்கி வைத்திருக்கும் ஒரு இளைஞன் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை உள்ள கடைகளை நம்பியே பிழைக்கலாம். அவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன? தகப்பன் கடையில் ஒரு ஓரத்தில் மேசை போட்டால் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறை என்றால் பெண்ணுக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மில் இன்னும் போகவில்லை. இப்போதைய பட்டறையில் சம்மட்டி அடிப்பவர் எத்தனை பேர்? கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதும் அளவு சரிபார்ப்பதும் சர்க்யூட் சோதிப்பதும்தான் பாதி வேலை. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் இவற்றில் அடங்கும்.

அரசுப் பள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் கடைகளில் தென் மாவட்டங்களிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்களில் பலர் அரசுப் பள்ளியில் பத்தாவது தேறியவர்கள். பதினெட்டு வயதில் வந்து மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, கடையிலேயே படுத்து எழுந்து இருபத்தைந்து வயதாகும்போது அவர்கள் கையில் என்ன இருக்கிறது? நாமும் ஒரு காலத்தில் அப்படி வந்தவர்கள்தான். நமக்குத் தனிக் கடை வைத்துக் கொடுக்க ஒரு முதலாளி இருந்தார். இன்று கடை வாடகையும் முன்பணமும் இருக்கிற நிலையில் எத்தனை பேருக்கு நாம் கடை வைத்துக் கொடுக்க முடியும்? தமிழ்நாட்டில் சில பாலிடெக்னிக்குகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்று நான்கு ஆண்டுப் பகுதிநேர டிப்ளமோ நடக்கிறது. அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கடைப் பையன் ஒருவன் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றால், அவனுக்காகச் சாயங்கால வியாபாரத்தில் ஒரு கை குறையும் என்பது உண்மைதான். ஆறு மணிக்குக் கடையில் கூட்டம் நெரிகிற நேரம். அந்த ஒரு கையை விட்டுக்கொடுக்க எத்தனை பேர் தயார் என்பதைச் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். பத்தாவது மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் ஊரில் பெட்டியில் கிடக்கும் பையன்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவற்றை எடுத்து வரும்படி முதலாளிமார்கள் இப்போதே சொல்லிவைக்கவும்.